நடுவுல ஒரு க்யூ வைங்க

கேள்வி: எங்க கம்பெனில பில்லிங் சாஃப்ட்வேர் நேரடியா ஸ்டாக் சர்வர்கிட்ட பேசுதுங்க, அது படுத்துட்டா பில்லே போட முடியல. என்ன பண்றது?

பதில்: நடுவுல ராபிட்எம்க்யூ மாதிரி ஒரு மெசேஜ் க்யூ வைங்க, தகவல டிஸ்க்ல சேமிக்குற மாதிரியே செட் பண்ணுங்க. பில் தகவல் அதுல போய் உக்காந்துக்கும், ஸ்டாக் சர்வர் எழுந்ததும் ஒன்னொன்னா எடுத்துக்கும். ஆனா நிறைய பேரு கோட்டை விடுற இடம் ஒன்னு இருக்கு: ஸ்டாக் சர்வர் ஸ்டாக்க கழிச்சுட்டு க்யூகிட்ட 'வாங்கிட்டேன்'னு சொல்றதுக்குள்ள லைன் கட்டாச்சுன்னா க்யூ அதே தகவல மறுபடி அனுப்பும், 10 மூட்டை அரிசி 20ஆ கழிஞ்சுடும். அதனால ஒவ்வொரு தகவலுக்கும் தனி நம்பர் குடுத்து, ஸ்டாக் கழிக்குற அதே டிரான்ஸாக்‌ஷன்லயே அந்த நம்பரையும் டேபிள்ல எழுதுங்க (ரெண்டும் சேந்தே நடக்கும், இல்லன்னா ரெண்டுமே நடக்காது), அந்த நம்பர் ஏற்கனவே இருந்தா மறுபடி கழிக்காம விட்டுடுங்க. ஐடெம்பொட்டன்ட் ரிசீவர்னு இதுக்குப் பேரு. திரும்பத் திரும்ப ஃபெயில் ஆகுற தகவல, அதுக்குன்னே தனியா ஒதுக்கி வைக்குற டெட் லெட்டர் க்யூக்குத் தள்ளிடுங்க, தினமும் காலைல ஒருத்தர் அத கண்டிப்பா தொறந்து பாக்கணும்.