திருநெல்வேலியில குளிர்காலம்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்கா? உங்க ஊர்ல ஒரு மார்கழி நாள் எப்படிப் போகும்?

உண்டுங்க, தாராளமா உண்டு. கேள்விக்குக் கீழ "வெயிலுக்குப் பேர்போன ஊர்ல ஸ்வெட்டர் விக்கிறவன் எப்படிப் பொழைக்கிறான்"னு நக்கலா ஒரு வரி சேர்த்திருக்கீங்கல்ல, அதுக்கும் சேர்த்தே சொல்லிடுறேன், அவன் நல்லாவே பொழைக்கிறான். மார்கழி பொறந்தாச்சுன்னா பாளையங்கோட்டைல காலைல நடக்கப் போறவங்கள்ல பாதிப்பேரு தலைல மப்ளரு இல்லாட்டி குரங்கு குல்லாவோடதான் போவாங்க, அதுல நானும் ஒருத்தன்.

முதல்ல கணக்கைப் பாத்துருவோம். மே மாசம் எங்க ஊர்ல 40 டிகிரிங்கிறது பெரிய நியூஸ் கிடையாது. டிசம்பர் ஜனவரில விடியக்காலைல 22, 23 இருக்கும், மழை விட்டு வானம் வெளுத்துக் கிடந்தா அதுலயும் ஒண்ணு ரெண்டு குறையும். இதைச் சொன்னா வடக்க இருக்கவன் சிரிப்பான், ஊட்டிக்காரன் அதைவிட சிரிப்பான். ஆனா உடம்புக்கு தெர்மாமீட்டர் பாக்கத் தெரியாதுல்ல, அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் மத்த மாசமெல்லாம் எப்படி வெந்துச்சுங்கிறது மட்டுந்தான். வருஷம் பூரா அடுப்புப் பக்கத்துலயே நின்னவனைக் கொண்டுபோய் திறந்த ஜன்னல்கிட்ட நிறுத்துனா அவன் கூதலடிக்குதுன்னுதான் சொல்லுவான், அவன் சொல்றது பொய்யில்ல.

எங்க வீட்ல குளிர்காலம் வந்துட்டுன்னு அறிவிக்கிற உரிமை தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குத்தான். தேங்காயெண்ணெய் 24 டிகிரி பக்கத்துல உறையும், எங்க ஊரு காலை குளிரும் சரியா அந்தக் கோட்டை ஒட்டியே நிக்கும், அதனால ஒருநாள் உறையும் மறுநாள் உறையாது, மேகம் போட்ட ராத்திரின்னா தண்ணியா கிடக்கும், வானம் தெளிஞ்ச ராத்திரின்னா காலைல அடில வெள்ளை வெள்ளையா திட்டு கட்டியிருக்கும், இன்னும் கொஞ்சம் குளுந்தா பாட்டிலைக் கவுத்தி எவ்வளவு அமுக்குனாலும் ஒரு பொட்டு வராது. எங்கம்மா தென்னை ஈக்குச்சி ஒண்ணை ஒடிச்சு பாட்டில் வாய்க்குள்ள விட்டு கிண்டி எடுத்து உள்ளங்கைல தேய்ப்பா, தேங்காயெண்ணெயை வெளிய எடுக்க தென்னையோட ஈக்குதான் வேணும்னு அதுல ஒரு நியாயம். ஆபீஸ் போற அவசரத்துல எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, பாட்டிலைத் தூக்கி காம்பவுண்ட் சுவர்ல வெயில் படுற இடத்துல வச்சிருவேன், குளிச்சிட்டு வாறதுக்குள்ள இளகிடும். இப்ப வாய் அகலமான டப்பாவும் கடைல விக்குது, ஆனா அம்மா வாங்க விடமாட்டா, விரலை விட்டு எடுத்தா எண்ணெய் ஜாஸ்தி செலவாகுமாம்.

எங்க சித்தி மகன் டெல்லில வேலை பாக்கான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் அரை டவுசரும் பனியனுமா திண்ணைல உக்காந்துக்கிட்டு, "என்ன பெரிம்மா, இதெல்லாம் ஒரு குளிரா, இதுக்குப் போயி ஸ்வெட்டரு"ன்னு கேட்டான். அம்மா ஒண்ணும் சொல்லல. உள்ள போயி அந்தப் பாட்டிலை எடுத்தாந்து அவன் மூஞ்சிக்கு நேரா தலைகீழா புடிச்சா. "எய்யா, எண்ணெயே உறைஞ்சு போச்சு, நான் உறையக் கூடாதாக்கும்?" பய வாயைத் திறக்கல. பட்டப்படிப்பு படிச்ச எனக்கு இவ்வளவு நாளா இந்த பாயிண்ட் தோணலையேன்னு இருந்துச்சு.

டீக்கடை அண்ணாச்சி கதை தனி. காலைல அஞ்சு மணிக்கெல்லாம் கடை திறந்துருவாரு, முன்னாடி பாய்லர் கொதிக்கும், பக்கத்துல பால் சட்டி, அந்தப் பக்கம் வடை சட்டி, மூணுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு மப்ளர், ஸ்வெட்டர், அதுக்கு மேல துண்டு. "என்ன அண்ணாச்சி, உங்களுக்குமா குளிருது?"ன்னேன். "கூதலு தாங்கல வே, தண்ணில கை வைக்க முடியலங்கேன்"னாரு, சொல்லும்போதே நெத்தில வேர்வை. துடைச்சுக்கிட்டது கழுத்துல கிடந்த அதே மப்ளர்லதான். நான் ஒரு சுக்கு காபி வாங்கிட்டு பேசாம ஒதுங்கிட்டேன்.

சரி, மார்கழி நாளைப் பத்தி கேட்டிருக்கீங்க. நாலரை மணிக்கெல்லாம் கோயில் ஸ்பீக்கர் எழுப்பிவிட்டுரும். திருப்பாவை 30, திருவெம்பாவை 20, எங்க தெருவுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கோயிலுங்கிறதால ரெண்டும் ஒரே நேரத்துல கேக்கும், எந்த வரி எதுல உள்ளதுன்னு அரைத் தூக்கத்துல பிரிக்கவே முடியாது. வாசல்ல கோலம், சாணி கிடைச்ச வீட்ல நடுவுல பூசணிப்பூ, கிடைக்காத வீட்ல கலர்ப்பொடி. ஆறு மணிக்கு மேலயும் இருட்டு விலகாது.

இங்கன ஒரு துணுக்கு சொல்லணும், ஏன்னா இதை வச்சு நான் வீட்ல நிறைய வாதாடியிருக்கேன். வருஷத்துலயே சின்னப் பகல் டிசம்பர் 21, 22 வாக்குல வரும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா எங்க ஊர்ல சூரியன் ரொம்ப லேட்டா உதிக்கிற நாள் அது கிடையாது, அது ஜனவரி கடைசில. நாம நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கதால வருஷத்தோட நீளமான பகலுக்கும் சின்னப் பகலுக்கும் வித்தியாசமே சுமாரா ஒரு மணி நேரந்தான் (லண்டன்ல டிசம்பர் பகல் எட்டு மணி நேரங்கூட வராது). அதே சமயம் பூமி சாய்ஞ்சிருக்கதாலயும் அது சுத்துற பாதை சரியான வட்டமா இல்லாததாலயும், சூரியன் உச்சிக்கு வர்ற நேரம் நம்ம கடிகாரத்துல இந்த மாசங்கள்ல நாளுக்கு நாள் தள்ளிப் போய்க்கிட்டே இருக்கும். பகல் நீளுறதைவிட அந்தத் தள்ளல் ஜாஸ்திங்கிறதால, பொங்கல் கழிஞ்ச பொறவும் விடியல் தாமதமாகிட்டே போகும். ஆகவே ஜனவரில நான் லேட்டா எந்திரிக்கிறதுக்கு வானவியல் காரணம் இருக்குன்னு வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னேன். "அப்ப சூரியனையே காபி போட்டுத் தரச் சொல்லுங்க"ன்னு பதில் வந்துச்சு.

இன்னொண்ணு, ஜனவரி முதல் வாரத்துலதான் பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வரும். ஜூலைல சுமார் 15 கோடியே 20 லட்சம் கிலோமீட்டர், ஜனவரில 14 கோடியே 70 லட்சம். அதாவது 50 லட்சம் கிலோமீட்டர் அடுப்புகிட்ட போயிட்டு நாம குளிருதுங்கோம். சாய்மானந்தான் எல்லாத்துக்கும் காரணம், தூரம் பெரிசா ஒண்ணும் பண்றதில்ல.

குளியல். வீட்ல ஹீட்டர் இருக்கு, ஆனா லீவு நாள்ல குறுக்குத்துறை பக்கம் ஆத்துக்குப் போறது வழக்கம். தாமிரபரணில மார்கழி காலைல முங்குனவங்களுக்கு இது தெரியும், படித்துறைல சட்டையைக் கழட்டும்போதுதான் பல்லு தந்தியடிக்கும், தண்ணிக்குள்ள இறங்குனா வெதுவெதுன்னு இருக்கும், மேல ஆவி மாதிரி புகை கிளம்பும். ராத்திரில காத்து சீக்கிரம் குளுந்துரும், அவ்வளவு தண்ணி அவ்வளவு வேகமா குளிராது, அதான் சங்கதி. பிரச்சினை வெளிய ஏறும்போதுதான், துண்டு எங்க வச்சோம்னு தேடுற அந்த அரை நிமிஷம். திரும்பி வாற வழில வயல்ல பிசானம் பச்சைப்பசேல்னு நிக்கும், எங்க பக்கம் கார், பிசானம்னு நெல்லுக்கு ரெண்டு பூ, அதாவது ரெண்டு போகம், இது ரெண்டாவது. வரப்புல சிலந்திக் கூடு பூரா பனித்துளி. போட்டோ எடுக்க குனிஞ்சா செருப்பு சேத்துல மாட்டும்.

ஆனா டிசம்பர்னா எங்களுக்கு ரசனை மட்டும் இல்ல, கொஞ்சம் பயமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18ஐ யாரும் மறக்கல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, ஒரு வருஷத்துக்கு அங்க பெய்யுறதைவிட அதிகம். இங்க ஜங்ஷன்ல வெள்ளம், கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீஸ்குள்ளயே தண்ணி, ஸ்ரீவைகுண்டத்துல சென்னை போற ரயிலு நூத்துக்கணக்கான ஜனத்தோட நடுவழில நின்னுச்சு. குறுக்குத்துறை முருகனுக்கு வெள்ளம் புதுசில்ல, கோயிலே ஆத்துக்குள்ளதான், முங்கி முங்கி எந்திரிக்கும். ஊருக்கு அப்படி இல்ல. அதனால இப்பல்லாம் மார்கழில ரெண்டு நாள் சேர்ந்தாப்ல மேகம் மூடுனா குளிரைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க, அணைல எத்தனை அடின்னுதான் கேப்பாங்க. மலைமேல இருக்க மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட் மழை அளவெல்லாம் எங்க பிள்ளைங்களுக்கு கிரிக்கெட் ஸ்கோரைவிட நல்லாத் தெரியும்.

குளிரைத் தேடி எங்க ஊருக்கு யாராவது வருவாங்களான்னா வருவாங்க, கூந்தன்குளத்துக்கு. நாங்குநேரி பக்கத்துல இருக்கு. வரித்தலை வாத்துன்னு ஒண்ணு, தலைல ரெண்டு கறுப்புப் பட்டை, மங்கோலியா, திபெத் பக்கத்துலேருந்து இமயமலையைத் தாண்டிப் பறந்து இங்க வந்து குளிர்காலத்தைக் கழிக்கும். அங்க உறையுது, இங்க இதமா இருக்குன்னு அது வருது. நான் மப்ளரோட அதைப் பாத்துக்கிட்டு நிக்கேன், அது என்னைப் பாத்து என்ன நினைக்கும்னு யோசிக்கவே கூடாது. அந்த ஊர்க்காரங்களைச் சொல்லணும், பறவைக்குத் தொந்தரவுன்னு தீபாவளிக்கு வெடிகூட போட மாட்டாங்க, வீட்டுக் கொல்லை மரத்துல நாரை கூடு கட்டுனா ராசின்னு விட்டுருவாங்க, எச்சம் நாத்தத்தையும் சேர்த்து பொறுத்துக்கிட்டு.

இப்ப சாப்பாடு, இதுலதான் நான் கொஞ்சம் நின்னு பேசுவேன். அல்வாவை விடுங்க, அது எல்லா மாசமும் உண்டு. மார்கழில கல்யாணம் கிடையாது, கல்யாணம் இல்லேன்னா மறுவீடு இல்ல, மறுவீடு இல்லேன்னா சொதி இல்ல. தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் ஓசில சாப்பிட தை வரைக்கும் காத்திருக்கணும், இந்த மாசத்து மேல எனக்கு இருக்க ஒரே குறை இதுதான். அதை ஈடுகட்ட திருவாதிரைக்குக் களியும் கூட்டும். நடராஜர் ஆடுற அஞ்சு சபைல தாமிரசபை எங்க நெல்லையப்பர் கோயில்லயே இருக்கு, சித்திரசபை குத்தாலத்துல, அதனால ஆருத்ரா தரிசனத்துக்கு நாங்க ரொம்ப அலைய வேண்டியதில்ல, களிக்குத்தான் பக்கத்து வீட்டு வாசலை எட்டி எட்டிப் பாக்கணும்.

பொங்கல் நெருங்க நெருங்க பாளை மார்க்கெட்ல கிழங்கு இறங்கும். பனங்கிழங்கு உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துலேருந்து கட்டுக்கட்டா வரும், மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு, தோலை உரிச்சு, ரெண்டா பொளந்து நடுவுல இருக்க குருத்தை உருவிட்டு, நாரைப் பல்லுல இழுத்துக்கிட்டே திங்கணும், இதைத் தின்னுக்கிட்டே யாராலயும் போன் பேச முடியாது. ஆனா ராஜா சிறுகிழங்குதான். சென்னைல பாதிப்பேருக்கு இது என்னன்னே தெரியல, சின்ன உருளைக்கிழங்கான்னு கேக்காங்க, அதுக்கும் இதுக்கும் உறவே கிடையாது, இது துளசி, ஓமவல்லி குடும்பம், வாசனையே வேற, வேகும்போது மண்ணும் மழையும் சேர்ந்த ஒரு மணம் அடுப்பங்கரைலேருந்து தெருவுக்கு வரும். கஷ்டம் தோலு எடுக்கிறதுலதான். கத்தியை வச்சு ஒவ்வொண்ணா சீவுனா பொங்கல் முடிஞ்சு காணும் பொங்கலே வந்துரும். பழைய சாக்குல கிழங்கைக் கொட்டி, தண்ணி தெளிச்சு, வாயைச் சுருட்டிப் புடிச்சுக்கிட்டு சிமெண்ட் தரைல போட்டு முன்னும் பின்னும் தேய்க்கணும். முக்கால்வாசித் தோலு சாக்குலயே போயிடும், கொட்டுனா கிழங்கு வெளுத்துக் கிடக்கும், குழில ஒட்டியிருக்கதை மட்டும் கத்தி முனைல கிள்ளணும். விரல் நுனியெல்லாம் கறை புடிச்சுக்கும், ரெண்டு நாளைக்குப் போகாது, தை மாசம் பிறந்தப்புறம் ஆபீஸ்ல யார் வீட்டு ஆம்பளைங்க வேலை செஞ்சாங்கன்னு விரலைப் பாத்தே சொல்லிரலாம். சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டுப் பொரிச்சா போதும், மசாலாவெல்லாம் கொட்டிக் கெடுக்க வேண்டாம்.

ஒன்பதரைக்கெல்லாம் வெயில் ஏறி மப்ளர் பைக்குள்ள போயிடும், மத்தியானம் சட்டை வேர்க்கும், அந்த நேரத்துல வந்தவன்தான் "எங்கவே குளிரு?"ன்னு கேக்கிறவன். அவனைச் சொல்லிக் குத்தமில்ல.

ராத்திரி கூத்து வேற. குளிருதேன்னு ஃபேனை நிறுத்துனா கொசு தூக்கிட்டுப் போயிடும், ஃபேனைப் போட்டா குளிரும். அதனால கொசுவுக்கு ஃபேன், ஃபேனுக்குப் போர்வை. இழுத்து மூடுனா மூச்சு முட்டும், மூஞ்சியைத் திறந்தா காதுகிட்ட பாட்டு. ரெண்டு மணிக்கு எங்கம்மா எந்திரிச்சு "எதுக்குடா இந்தக் குளிருல காத்தாடி"ன்னு நிறுத்திட்டுப் போவா, ரெண்டேகாலுக்கு பையன் எந்திரிச்சு போடுவான், மூணு மணிக்கு திரும்ப அம்மா. அதனால குளிர்காலத்துல உங்க ஊர்ல கரண்ட் பில் குறையுமான்னு அடுத்த கேள்வி போட்டுராதீங்க, குறையாது.