புயல் சேதக் கணக்கெடுப்பு: செலவை எப்படிப் போடுவது? கேள்வி பதில்

வேதாரண்யம்: அக்கா, 400 வீடுகளில் சேத விவரம் எடுக்க வேண்டும். பட்ஜெட்டை எங்கிருந்து தொடங்குவது?

ஒருவர் ஒரு நாளில் எத்தனை வீடு முடிப்பார் என்பதிலிருந்து. பேட்டி அரை மணி நேரம், வீடுகள் அடுத்தடுத்து என்றால் 8 வீடு. மொத்தம் 50 ஆள்நாள், அதாவது ஒரே ஆள் செய்தால் 50 நாள் வேலை. வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் 5 தான் முடியும். 80 ஆள்நாள் ஆகிவிடும். படி, சாப்பாடு, வண்டி எல்லாம் இதோடுதான் ஏறும். அப்புறம் பயிற்சி, முன்சோதனை (முதலில் சில வீடுகளில் கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது), தரவு சரிபார்ப்பு, எதிர்பாராத செலவுக்குக் கைவசம் 10 சதவீதம். ஐப்பசி, கார்த்திகை என்றால் நான் 15 வைப்பேன்.

மன்னார்குடி: காசு பத்தவில்லை. பயிற்சியைக் குறைக்கலாமா?

வேண்டவே வேண்டாம், கேள்விகளைக் குறையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி தோப்புகளைச் சாய்த்ததே, அதையே எடுத்துக்கொள்வோம். ‘எத்தனை தென்னை போச்சு?’ என்பது ஒரு கேள்விதான். ஆனால் வேரோடு விழுந்ததை மட்டும் எண்ணுவதா, குருத்து முறிந்து நிற்பதையும் சேர்ப்பதா? காய்க்கிற மரமா, கன்றுமா? இதைப் பயிற்சியில் பேசி முடிக்காவிட்டால் ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதி வருவார்கள். மறுபடி வண்டி அனுப்பும் செலவு, பயிற்சியில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

ஒவ்வொரு கேள்விக்கும், ‘இந்தப் பதிலை வைத்து என்ன செய்யப்போகிறோம்?’ என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அடித்துவிடுங்கள். ரேஷன் கார்டு எண்ணிக்கை, அங்கன்வாடிக் குழந்தைகள் கணக்கெல்லாம் அரசிடமே இருக்கிறது. அதற்காக வீடு வீடாக ஏற வேண்டாம்.

திருத்துறைப்பூண்டி: எல்லா வீட்டுக்கும் போகாமல் சில வீடுகளை மட்டும் எடுக்கும்போது, பிழை வரம்பை (முடிவு உண்மையிலிருந்து முன்பின் விலகக்கூடிய அளவை) 5 சதவீதத்திலிருந்து 2.5 ஆக்கினால் செலவு இரட்டிப்பாகுமா?

வீடுகள் நான்கு மடங்காகும். 95 சதவீத நம்பக அளவில் (நூறு முறை இப்படி எடுத்தால் சுமார் 95 முறை உண்மை இந்த வரம்புக்குள் இருக்கும்) 5-க்கு ஏறக்குறைய 384 வீடு, 2.5-க்கு 1,537. சில கிராமங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் போனால் இன்னும் கூடும். ஏனென்றால் ஒரே தெருவில் நிலைமை பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அடுத்த வீடு புதிதாகச் சொல்வது குறைவு. நிவாரணப் பொருள் எவ்வளவு அனுப்புவது என்று முடிவெடுக்க 5 போதும்.

பேராவூரணி: டேப்லெட் வாங்க வேண்டுமா?

வேண்டாம். இருக்கிற ஆண்ட்ராய்டு போனிலேயே கோபோ (KoBo) என்ற கணக்கெடுப்புச் செயலி ஓடும். சிக்னல் இல்லாவிட்டாலும் பதிவாகும். பவர் பேங்குக்குக் காசு ஒதுக்குங்கள், புயலுக்குப் பிறகு கரண்ட் வர நாளாகும்.

தலைஞாயிறு: பேட்டி தருபவர்களுக்குப் பணம் தரலாமா?

பெரும்பாலும் தருவதில்லை. அதனாலேயே அவர்கள் கூலியைக் கெடுக்கக் கூடாது. நடவு நேரத்திலும் நூறு நாள் வேலை நேரத்திலும் போகாதீர்கள். போனாலும் பூட்டிய வீடுதான், இரண்டாம் நடைக்கும் செலவு. வேறு யாராவது அங்கே கணக்கெடுத்தார்களா என்று முதலில் ஊராட்சியில் விசாரியுங்கள். கூரை போன வீட்டுக்காரரிடம் மூன்று அமைப்புகள் அதையே மூன்று முறை கேட்பது கொடுமை.