கருப்பு வெள்ளை பிலிமில் ஸ்லைடு

கேள்வி: கருப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவி, நேரடியாக ஸ்லைடாக, அதாவது ஒளியை ஊடுருவவிட்டுப் பார்க்கும் நேர்ப்படமாக, மாற்ற முயன்றேன். படம் இருண்டுவிட்டது, பெர்மாங்கனேட் கரைசலில் பிலிம் மீதுள்ள ஜெலட்டின் படலமும் ஓரங்களில் உரிந்தது. ஏன்?

பதில்: இருண்டு போனதற்குக் காரணம் பெரும்பாலும் முதல் டெவலப்பர்தான் (வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பைக் கருப்பு வெள்ளியாக மாற்றும் கரைசல்). அது கருப்பாக்கும் வெள்ளியைப் பெர்மாங்கனேட்டும் சல்பியூரிக் அமிலமும் சேர்ந்த கரைசல் கரைத்துவிட, எஞ்சிய வெள்ளி உப்பே பின்னர் வெளிச்சம் பட்டு இரண்டாம் டெவலப்பரில் படமாகிறது. ஆகவே முதல் டெவலப்பரில் நேரம் குறைந்தால், தெளிவாக இருக்க வேண்டிய வானமும் வெள்ளைச் சட்டையும்கூடக் கறுத்துப்போகும். நெகட்டிவ் கழுவிப் பழகியவர்களுக்கு இந்தத் தலைகீழ்க் கணக்கு எளிதில் பிடிபடாது. நேரத்தைக் கூட்டுங்கள், அதே டெவலப்பரில் மிகச் சிறிதளவு ஹைப்போ (வெள்ளி உப்பைக் கரைக்கும் சோடியம் தயோசல்பேட்) சேர்த்தால் வெளிச்சப் பகுதிகள் தெளியும், ஆனால் அளவு மிஞ்சினால் நிழல்களும் வெளுத்துவிடும்.

படலம் உரிவதற்குக் காரணம், அமிலம் கலந்த பெர்மாங்கனேட் ஜெலட்டினை இளக்குவதே. கழுவும் தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் 20 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருங்கள். கோடைக் குழாய்த் தண்ணீர் அதற்கு உதவாது. பெர்மாங்கனேட்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய டைகுரோமேட் இவ்வளவு இளக்காது என்றாலும், புற்றுநோய் விளைவிக்கும் அந்த நஞ்சை வீட்டுக்குள் கொண்டுவருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அமிலத்தை எப்போதும் தண்ணீரில்தான் மெல்ல ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

பெர்மாங்கனேட் விட்டுச்செல்லும் பழுப்புக் கறையைச் சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசல் போக்கியதும், பால் வெண்மையில் மங்கலான படம் தெரியும். அதன்பின் விளக்கை ஏற்றிக்கொண்டே வேலை செய்யலாம்.