இலை சுருளுது, பழம் வெளுக்குது: இரண்டும் ஒரே நோயா?

கேள்வி: சாயல்குடி பக்கம், கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இரண்டு ஏக்கரில் குண்டு மிளகாய் போட்டிருக்கிறேன். மார்கழியிலிருந்தே கொண்டை இலை சுருள்கிறது. கடையில் பூஞ்சண மருந்து கொடுத்தார்கள். மூன்று தடவை அடித்தும் கேட்கவில்லை. இப்போது பழத்திலும் கருப்பாக வட்டம் விழுந்து வெளுத்துப் போகிறது. இரண்டும் ஒரே நோய்தானா? தலைமுறையாக எங்கள் வீட்டு விதையைத்தான் போடுகிறோம். இந்த வருஷச் செடியில் விதை எடுக்கலாமா?

பதில்: ஒரே நோய் இல்லை. பழத்தில் இருப்பது நீங்கள் சொல்கிற அடையாளப்படி பூஞ்சணம். இலைச் சுருட்டைக்குக் காரணம் பெரும்பாலும் பூச்சி, சிலந்தி, வைரஸ் மூன்றில் ஒன்றாக இருக்கும். கந்தகம் தவிர மற்ற பூஞ்சண மருந்து இந்த மூன்றையும் ஒன்றும் செய்யாது. மூன்று தடவை அடித்த காசு போனது போனதுதான். நாலாவது தடவை அடிக்காதீர்கள்.

முதலில் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரம் மேல்நோக்கி மடங்கி, இலை தோணி மாதிரி குழிந்திருந்தால் இலைப்பேன் என்கிற சின்னப் பூச்சி. கீழ்நோக்கி மடங்கி, கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி இருந்து, இலைக்காம்பும் நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி (வலை பின்னும் சிலந்தி இல்லை, சாறு உறிஞ்சுகிற மிகச் சின்ன உயிர்). நம் பக்கம் முரணை என்பது இதைத்தான். இலை சிறுத்து, கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி சுருங்கி, நரம்பு மஞ்சளாகி, கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து செடியே புதர் போல நின்றுவிட்டால் அது இலைச்சுருட்டை வைரஸ். அந்தச் செடியில் பூவும் நிற்காது.

கண் ஏமாற்றும். ஒரே செடியில் இரண்டு சேர்ந்திருப்பதும் உண்டு. அதனால் காலை ஏழு மணிக்குள் வயலில் இறங்குங்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டைக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். மஞ்சளாகவோ கருப்பாகவோ நூல் துணுக்கு போல ஓடினால் இலைப்பேன். செடியை உலுக்கும்போது வெள்ளையாகக் குபுக்கென்று பறந்தால் வெள்ளை ஈ. சிலந்தி வெறும் கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரு மருந்து டப்பாவை விட விலை குறைவு, பல வருஷம் உழைக்கும்.

வைரஸுக்கு ஏன் மருந்து கேட்காது? அது எவ்வளவு வேறான ஒன்று என்பதற்கு 1892-லேயே ஒரு சோதனை தடயம் கொடுத்தது. ருஷ்யாவில் இவனோவ்ஸ்கி, தேமல் நோய் கண்ட புகையிலையின் சாற்றைப் பாக்டீரியாகூட நுழையாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடிந்த சாறும் நோயை உண்டாக்கியது. 1898-ல் டச்சுக்காரர் பெய்ஜெரிங்க் அதற்கு வைரஸ் என்று பெயர் வைத்தார். பூஞ்சணத்துக்குத் தனி உடம்பு உண்டு, பெரும்பாலும் இலைமேல் முளைத்துத்தான் உள்ளே போகும், அதனால் மருந்து அதைத் தொட முடிகிறது. வைரஸோ செடியின் செல்லுக்குள்ளேயே குடியிருந்து, செல்லை வைத்தே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. நோய் வந்த செடியைக் குணமாக்கும் மருந்து கடையில் கிடையாது. (இதே புகையிலை வைரஸ் மிளகாயிலும் தேமலை உண்டாக்கும், காய்ந்த புகையிலையிலும் உயிரோடு இருக்கும். பீடி பிடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் நாற்றைத் தொடக் கூடாது என்பது அதனால்தான்.)

இலைச்சுருட்டையைச் செடிக்குச் செடி கொண்டுபோவது வெள்ளை ஈ. நோய்ச் செடியில் ஒருமுறை சாறு குடித்த ஈ, பல நாளைக்கு வைரஸைச் சுமந்து திரியும். எனவே சுருட்டை வந்த செடிகள் கொஞ்சமாக இருந்தால் இன்றே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். பிடுங்கிய செடியை வரப்பில் போடுவது ஈக்கு விருந்து வைப்பது மாதிரி. வயலில் பாதிக்கு மேல் வந்துவிட்டதென்றால் பிடுங்கிப் பயனில்லை, இருக்கிற காயைப் பறித்துக்கொண்டு அடுத்த பட்டத்தை யோசிக்க வேண்டியதுதான். மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு ஐந்து கட்டுங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 30 மில்லி, சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி சாயங்காலம் அடியுங்கள். அடுத்த வருஷம் வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளமோ கம்போ நெருக்கி விதைத்தால் ஈ உள்ளே வருவது குறையும்.

முரணை என்று உறுதியானால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கிற கந்தகத் தூள்) நன்றாகக் கேட்கும். ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடித்தால் இலை கருகும். உச்சி வெயிலில் அடித்தாலும் அதே கதிதான். நம் கடற்கரை வெயிலில் இதை மறந்து இலையைத் தீய்த்துவிட்டு, புது நோய் வந்துவிட்டதென்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. இலை ஓரம் மட்டும் தீய்ந்து சுருளாமல் இருந்தால் கிணற்றுத் தண்ணீரின் உப்பையும் சந்தேகியுங்கள்.

இனி பழம். குழிந்த வட்டம், அதற்குள் வளையம் வளையமாகக் கரும்புள்ளி, பிறகு பழம் வைக்கோல் நிறமாக வெளுப்பது, எல்லாம் பழ அழுகல். கொலெட்டோட்ரைக்கம் என்கிற பூஞ்சணத்தின் வேலை. இதே பூஞ்சணம் கிளை நுனியிலிருந்து கீழே காயவும் வைக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு பழத்தை ஈரத் தாளோடு மூடிய டப்பாவில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். புள்ளியின் மேல் இளஞ்சிவப்பாகப் பிசுபிசுவென்று கசிந்தால் அதுவேதான். தை, மாசிப் பனியில் இலையும் பழமும் காலை வரை நனைந்தே கிடப்பது இதற்கு ரொம்பப் பிடித்தம். பூஞ்சண மருந்துக்கு இங்கேதான் வேலை: மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், அல்லது காப்பர் ஆக்சிகுளோரைடு 2.5 கிராம், 15 நாள் இடைவெளியில். மருந்து அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது டப்பாவில் இருக்கும், அதற்கு முன்னால் பறிக்காதீர்கள். நோய்ப் பழத்தை நல்ல பழத்தோடு களத்தில் கொட்டினால் சோடை வத்தல் (வெளுத்த மட்ட வத்தல்) கலந்து மொத்தத்துக்கும் விலை இறங்கும். தனியாகப் பறித்து வயலுக்கு வெளியே அழித்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு குழப்பம் தீராவிட்டால் ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. ஒற்றை இலையைக் கிள்ளிக் கொண்டுபோகாதீர்கள். முழுச் செடியை வேரோடு எடுத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும்.

கடைசியாக விதை. எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ரகம் நம் குண்டு மிளகாய், வீட்டு விதையைக் கைவிட்டுவிடாதீர்கள். ஆனால் பழ அழுகல் விதை வழியாகவே அடுத்த பட்டத்துக்கு வரும். வெளுத்த பழத்தில் நல்ல பாதி என்று ஒதுக்கி எடுக்கிற விதைகூட வேண்டாம். சுருட்டையும் இல்லாமல் புள்ளியும் இல்லாமல் நிற்கிற செடிகளை இந்த வாரமே நடந்து பார்த்து, நடுப் பறிப்புப் பழத்தை அவற்றில் விட்டுவையுங்கள். விதைக்கும்போது கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணம்) கலந்து விதையுங்கள். விதைக்கென்று விட்ட செடிகளில் இப்போதே ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். பறிக்க ஆள் இறங்கிவிட்டால் எது விதைச் செடி என்று யாருக்கும் நினைவிருக்காது.