ஆங்கிலத்தில் 'ஃபிலாக்டரி' (phylactery) என்ற சொல்லை வரியின் கடைசியில் எங்கே உடைப்பது? அதற்கு என்ன பொருள்?

ஏதோ ஒரு புத்தகம் அச்சுக்குப் போகிற அவசரத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் உடைக்கிற இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 'லாக்' ஒலி முடிகிற 'சி' எழுத்துக்குப் பின்னால் ஹைஃபன் போடுங்கள். முதல் மூன்று எழுத்துகளுக்குப் பிறகும் உடைக்கலாம், ஆனால் படிக்கிறவர் தடுமாறுவார். சில அகராதிகள் கடைசி 'ஒய்'க்கு முன்னாலும் புள்ளி வைத்திருக்கும். அது அசையைக் காட்டுவதற்கு மட்டும்தான். ஒற்றை எழுத்தை அடுத்த வரிக்குத் தள்ளக் கூடாது. பிரிட்டிஷ் அகராதி வேறு மாதிரி சொல்கிறதே என்று யாராவது சண்டைக்கு வரலாம். உங்கள் பதிப்பகம் எந்த அகராதியைப் பின்பற்றுகிறதோ அதன்படி செய்யுங்கள்.

பொருள்தான் எனக்கு முக்கியம். யூதர்கள் வார நாள் காலை ஜெபத்தில் கையிலும் நெற்றிக்கு மேலும் கட்டிக்கொள்ளும் கறுப்புத் தோல் பெட்டிகள் என்பது பலருக்கும் தெரிந்த பொருள். உள்ளே பைபிளின் யாத்திராகமம், உபாகமம் இரண்டிலிருந்தும் நான்கு பகுதிகள் தோல்சுருளில் எழுதியிருக்கும். எபிரேயத்தில் தெஃபிலின். மத்தேயு 23:5-இல் பழைய தமிழ் பைபிள் 'காப்புநாடா' என்கிறது. கிரேக்க வேருக்கும் காவல் என்றுதான் பொருள், அருமையான மொழிபெயர்ப்பு. தாயத்து, புனிதர்களின் எச்சங்களை வைக்கும் பேழை ஆகியவற்றையும் இந்தச் சொல் குறிக்கும்.

இன்னொரு பொருளுக்காக நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஐரோப்பிய இடைக்கால ஓவியங்கள் பற்றிய நூலொன்றுக்கு மெய்ப்புப் பார்த்தேன். படக்குறிப்பில் தேவதூதர் ஃபிலாக்டரி பிடித்திருப்பதாக இருந்தது. ஆசிரியர் குழுவில் ஒருவர் அதை அடித்துவிட்டுத் 'தோல் பெட்டி' என்று மாற்றிவிட்டார். படத்தைப் பாருங்கள், கையில் வாசகம் எழுதிய நீளமான சுருள் இருக்கிறது, அந்தச் சுருளுக்கும் கலை வரலாற்றில் இதே பெயர்தான் என்றேன். அகராதியில் முதல் பொருள் பெட்டிதானே என்றார். அதே பதிவைக் கடைசிப் பொருள் வரை படித்துக் காட்டிய பிறகுதான் குறிப்பு பழையபடி ஆனது. நான் கலை வரலாற்று நிபுணர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. படத்தைப் பார்த்தேன், அகராதியை முழுதாகப் படித்தேன், அவ்வளவுதான்.

அந்த நூலில் அட்டை வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது, படம் எடுத்தவர் பெயர் இருக்கிறது. மெய்ப்புப் பார்த்தவர் பெயர் இல்லை. பல பதிப்பகங்களில் இதுதான் வழக்கம், எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சரி, உங்கள் வாக்கியத்தில் அது பெட்டியா, சுருளா, பேழையா? அந்த வாக்கியத்தையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.