எட்டுக் கட்டங்களைக் காலியாக விடுங்கள்

‘ஸ்டார்டியூ வேலி’ என்னும் பண்ணை விளையாட்டில் மரம் வளர்ப்பதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டுமே இம்முறை பதில் தருகிறேன். எரிக் பரோன் என்பவர் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியொருவராக உழைத்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட இந்த விளையாட்டு தமிழில் வரவில்லை. ஆகவே அதன் சொற்களை நம் பேச்சுக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்கிறேன். கடிதங்களில் பெரும்பாலானவை நீலகிரியிலிருந்தே வந்திருக்கின்றன. தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் வெளியே தலைகாட்ட முடியாத ஊர்களில், திரைக்குள் இருக்கும் பண்ணையிலாவது வேலை பார்ப்போம் என்று தோன்றுவது இயல்புதான்.

கேள்வி: ஆப்பிள் கன்று ஒன்றை 4,000 பொற்காசு கொடுத்து வாங்கி நட்டேன். ஒரு பருவம் முழுவதும் தினமும் தண்ணீர் ஊற்றினேன், உரமும் வைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தம்பியின் மரம் காய்க்கத் தொடங்கிவிட்டது. என்னுடையது இன்னும் கன்றாகவே நிற்கிறது. நான் என்ன தவறு செய்தேன்?
– கல்லூரி மாணவி, கோத்தகிரி

பதில்: நீங்கள் செய்த வேலைகளில் ஒன்றுகூட அந்தக் கன்றுக்குத் தேவைப்படவில்லை. இந்த விளையாட்டில் பழமரத்துக்குத் தண்ணீர் வேண்டாம், பயிர்களுக்கு இடும் உரமும் அதன்மேல் வேலை செய்யாது. அதற்கு வேண்டியவை இரண்டுதான்: 28 இரவுகள், சுற்றிலும் 8 காலிக் கட்டங்கள். நிலம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கன்று நிற்கும் கட்டத்தை நடுவில் வைத்து மூன்றுக்கு மூன்றாக ஒரு சதுரம் வரைந்தால், அதன் ஓரத்தில் இருக்கும் எட்டுக் கட்டங்களில் ஒன்றில் ஒரு கல், ஒரு சுள்ளி, ஒரு களைச்செடி, வேலிக்கம்பு, பெட்டி, சோளக்கொல்லைப் பொம்மை என எது இருந்தாலும் அன்றிரவு கன்று வளராது. வளர்ந்த வளர்ச்சி குறைந்துவிடாது. அந்த நாள் மட்டும் கணக்கில் சேராமல் போகும்.

ஆளை ஏமாற்றுவது களைதான். நட்ட அன்று துப்புரவாக இருந்த இடத்தில் சில நாட்களில் தானாகவே களை பரவிவிடும். நீங்களோ மாட்டுக்கொட்டகைக்கும் சுரங்கத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பீர்கள். என் முதல் பழத்தோட்டத்தில் களையைக்கூடக் குறை சொல்ல முடியாது. கன்றுகளைக் காப்பாற்றுவதாக எண்ணி ஒவ்வொன்றையும் சுற்றி நெருக்கமாக வேலி போட்டேன். காட்டெருமை இறங்கும் ஊரில் வளர்ந்தவனுக்கு வேலியில்லாத கன்றைப் பார்த்தால் மனம் பொறுக்காது. ஆறு கன்றுகள் ஒன்றரை மாதம் அப்படியே நின்ற பிறகே, காவலாக நினைத்த வேலிதான் முட்டுக்கட்டை என்று புரிந்தது.

தினமும் காலையில் கன்றுகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எதிர்ப்படும் களையை அரிவாளால் வெட்டிவிடுங்கள். இரண்டு பழமரங்களுக்கு இடையில் இரண்டு கட்டங்களாவது இடைவெளி இல்லாவிட்டால் விளையாட்டு நடவே விடாது என்பதால், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மரம் முழுதாக வளர்ந்த பிறகு இந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும். அடிமரத்தை ஒட்டிப் பயிர் வைக்கலாம், பெட்டி வைக்கலாம், நீர்தெளிப்பானும் வைக்கலாம், காய்ப்பு குறையாது.

கேள்வி: வசந்த காலத்தின் முதல் நாளில் செர்ரிக் கன்று நட்டேன். சுற்றிலும் சுத்தமாக வைத்திருந்ததால் கோடையின் முதல் நாளிலேயே மரமாகிவிட்டது. ஆனால் ஒரு பழம்கூட இல்லை. பிழை ஏதும் இருக்குமோ?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: பிழை விளையாட்டில் இல்லை, நாட்கணக்கில் இருக்கிறது. நம் ஊரில் ‘சீசன்’ என்றால் ஏப்ரல், மே மாதங்களில் வண்டிகள் வரிசைகட்டும் காலம். அந்தப் பண்ணையிலோ ஆண்டு என்பது வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று சரியாக 28 நாட்கள் கொண்ட நான்கு பருவங்கள். செர்ரியும் ஆப்ரிகாட்டும் வசந்தத்திலும், ஆரஞ்சும் பீச்சும் கோடையிலும், ஆப்பிளும் மாதுளையும் இலையுதிர் பருவத்திலும் மட்டுமே காய்க்கும். வளர்வதற்கும் 28 நாட்கள், பருவத்துக்கும் 28 நாட்கள் என்பதால், எந்தப் பருவத்தில் பழம் வேண்டுமோ அதற்கு முந்தைய பருவத்தின் முதல் நாளிலேயே கன்று மண்ணில் இருக்க வேண்டும். செர்ரியைக் குளிர்காலத்தின் முதல் நாளில் நட்டிருந்தால் வசந்தம் முழுவதும் பறித்திருப்பீர்கள். இனி அடுத்த வசந்தம்வரை, அதாவது 84 நாட்கள், அந்த மரம் நிழலுக்குத்தான்.

குளிர்காலத்தில் கன்று செத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். தலைக்குந்தாவில் உறைபனி விழுந்து புல்வெளி வெளுத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் வரத்தான் செய்யும். விளையாட்டில் பயிர்கள்தான் பருவம் மாறினால் வாடும். பழமரக் கன்றுகள் பனிக்குள்ளும் நாள் தவறாமல் வளரும். வேறு வேலை குறைந்த அந்தப் பருவமே நடவுக்கு நல்ல பருவம் என்பது என் கருத்து.

கேள்வி: கையில் 6,000 காசு சேர்ந்திருக்கிறது. எந்த மரத்தை முதலில் வாங்கினால் போட்ட காசு சீக்கிரம் திரும்பும்?
– தேயிலைத் தோட்ட ஊழியர், குன்னூர்

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். விளையாட்டில் வரும் கடைக்காரர் பியரின் (Pierre) கடையில் ஆப்ரிகாட் கன்று 2,000, செர்ரி 3,400, ஆரஞ்சும் ஆப்பிளும் 4,000, பீச்சும் மாதுளையும் 6,000. பழத்தின் விலை அதே வரிசையில் 50, 80, 100, 140. எந்த மரத்தை எடுத்தாலும் 40 முதல் 43 பழம் விற்றால்தான் போட்ட காசு கைக்கு வரும். மரம் நாளொன்றுக்கு ஒரு பழம் கொடுக்கும், பருவமோ 28 நாட்கள். ஆகவே வெளியில் நட்ட எந்த மரமும் முதல் பருவத்திலேயே தன் விலையைத் திருப்பித் தராது. இரண்டாம் ஆண்டின் பருவம் பாதி ஓடும்போதுதான் வரவும் செலவும் சமமாகும். விலையைக் காட்டி ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

நம் கோத்தகிரிப் பக்கம் காய்கறிக்கும் பூவுக்கும் போடுவதைப் போன்ற பசுமைக்குடில் ஒன்று அந்தப் பண்ணையில் இடிந்து கிடக்கும். அதைச் சீராக்கிவிட்டால் கணக்கே மாறிவிடும். குடிலுக்குள் எல்லா மரங்களும் ஆண்டு முழுவதும் காய்க்கும் என்பதால் ஒரு பீச் மரம் ஆண்டுக்கு 112 பழம் தரும். அடிப்படை விலையில் அது 15,680 காசு. மரங்களைப் பாத்தியில் நட்டு இடத்தை வீணாக்காமல் அதைச் சுற்றியுள்ள ஓரத்தில் நடுங்கள், ஆனால் அவை வளரும்வரை அவற்றை ஒட்டிய பாத்தி வரிசையில் பயிர் வைக்காதீர்கள்.

மரத்துக்கு வயது ஏறினால் பழத்தின் தரமும் ஏறும். முழு வளர்ச்சிக்குப் பின் ஓராண்டில் வெள்ளி, இரண்டாண்டில் தங்கம், மூன்றாண்டில் இரிடியம். இரிடியம் தரத்துக்கு இருமடங்கு விலை என்பதால் பீச் ஒன்று 280 காசுக்குப் போகும். அதே பீச்சை ஜாம் ஆக்கினால் 330 காசு. ஜாம் விலைக்குப் பழத்தின் தரம் கணக்கில் வராது. ஆகவே இளமரத்துப் பழத்தை ஜாடியில் போடுங்கள், முதிர்ந்த மரத்துப் பழத்தை அப்படியே விற்றாலும் பெரிய நட்டமில்லை. தினமும் பறிக்க நேரமில்லை என்றால் மரத்திலேயே மூன்று பழங்கள்வரை தங்கும், அதற்கு மேல் சேராது.

கேள்வி: ஓக் விதையை வரிசையாக, இடைவெளி இல்லாமல் நட்டேன். சில மரமாயின, மற்றவை புதர் போலவே நின்றுவிட்டன. ஏன்?
– வாசகர், கூடலூர்

பதில்: ஓக், மேப்பிள், பைன் ஆகிய காட்டுமரங்களுக்கு விதி வேறு. ஒவ்வோர் இரவும் அடுத்த நிலைக்குப் போக அவற்றுக்கு 20 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அதனால் ஒரே நாளில் நட்டவைகூட முன்பின்னாகத்தான் வளரும். குளிர்காலத்தில் அவை அசையா. முழுதாக வளர்ந்த மரம் ஒன்று ஒட்டி நின்றால் பக்கத்துச் செடி கடைசி நிலையை எட்டாமல் நின்றுவிடும். உங்கள் வரிசையில் நடந்தது அதுதான். ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் நடுங்கள். தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக் மரங்களை எட்ட எட்ட நட்டிருப்பதை நாள்தோறும் பார்க்கும் உங்களுக்கு இது கடினமாக இராது. நார் 5, கல் 5 சேர்த்துச் செய்யும் மர உரம் ஒன்று உண்டு. அதை இட்டால் பனிக்காலத்திலும் தடையின்றி வளரும், ஆனால் அது காட்டுமரங்களுக்கு மட்டுமே.

ஓக்கை வெட்டி விறகாக்காதீர்கள். பால்வடிப்பான் என்னும் கருவியை மரத்தில் மாட்டினால் பைன் 5 நாட்களுக்கு ஒருமுறையும், ஓக் 7 நாட்களுக்கு ஒருமுறையும், மேப்பிள் 9 நாட்களுக்கு ஒருமுறையும் பால் தரும். பழரசம் புளிக்கவைக்கும் பீப்பாய் ஒவ்வொன்றையும் செய்ய, ஓக் தரும் பாலான ஓக் பிசின் ஒன்று வேண்டும் என்பதால், பழத்தோட்டம் வைப்பவருக்கு நான்கைந்து ஓக் மரங்கள் இருந்தே ஆக வேண்டும். இன்னொன்று: காட்டுமரங்கள் தாமாகவே விதை தெறிக்கும். வாட்டில் எனப்படும் சீகை மரம் பரவி நம் புல்வெளிகளைப் பிடித்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். பழக்கன்றுகளுக்கு அருகே காட்டுமரத்தை நிற்கவிட்டால், ஒரு நாள் அந்த எட்டுக் கட்டங்களில் ஒன்றில் முளை தலைகாட்டும்.

கேள்வி: கன்று நட்ட அன்றே மின்சாரம் போய்விட்டது. மறுநாள் திறந்தால் கன்றைக் காணவில்லை!
– பள்ளி மாணவர், கோத்தகிரி

பதில்: கணினியில் இந்த விளையாட்டு, நீங்கள் படுக்கைக்குப் போய் உறங்கும்போதுதான் அன்றைய வேலையைப் பதிவு செய்யும். கன்றை அன்றே வாங்கியிருந்தால், அதற்குக் கொடுத்த காசு திரும்பியிருக்குமே, பார்த்தீர்களா? ஆனி, ஆடி மாதங்களில் முக்கிய வேலையை முடித்தவுடன் அன்று சீக்கிரமே உறங்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பேரியும் பிளம்ஸும் இருக்கின்றன. விளையாட்டில் இவை ஏன் இல்லை? வாழையும் மாவும் இருப்பதாகச் சொல்கிறார்களே, எங்கே வாங்குவது?
– இல்லத்தரசி, அரவங்காடு

பதில்: பேரி கிடையாது. பிளம்ஸ் உண்டு, மரமாக அல்ல; இலையுதிர் பருவத்தில் காட்டில் தரையில் கிடக்கும், பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். வாழையும் மாவும், விளையாட்டில் வரும் இஞ்சித்தீவு என்னும் தீவின் வணிகரிடம் பண்டமாற்றாகக் கிடைக்கும். வாழைக்கு 5 டிராகன் பல், மாவுக்கு 75 சிப்பி. ஊரில் நட்டால் இரண்டும் கோடையில் மட்டும் காய்க்கும், தீவில் நட்டால் ஆண்டு முழுவதும் காய்க்கும். வாழை ஒரு தாரோடு முடிந்துவிடும் என்பது அந்த விளையாட்டைச் செய்தவருக்குத் தெரியாதோ, தெரிந்தும் விட்டுவிட்டாரோ, அங்கே அது மரமாகவே நின்று நாளுக்கு ஒரு பழமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் முதல் 28 இரவுகளுக்கு அதே எட்டுக் கட்டங்கள் காலியாக இருக்க வேண்டும்.