சாப்பாட்டுச் செலவு இல்லையா, தம்பி?

கேள்வி: டோக்கியோவில், நிஷிகசாய் பகுதியில் வசிக்கிறோம். நான் ஐ.டி. வேலையில் இருக்கிறேன், மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். ஞாயிறுதோறும் அவளைக் கடலோர ஊர்களுக்குக் கூட்டிப் போகிறேன். கமகுரா, எனோஷிமா, அத்தாமி எல்லாம் பார்த்தாயிற்று. நாங்கள் சுத்த சைவம். அவள் விடியற்காலை மூன்றரைக்கே எழுந்து இட்லி, புளியோதரை, தயிர்சாதம் கட்டிவிடுவதால் சாப்பாட்டுச் செலவு இல்லை. ஆனால் அவளுக்கு எதிலும் ரசனையே கிடையாது. எனோடென் ரயில் கடலை ஒட்டிப் போகும்போது தூங்குகிறாள். எனோஷிமாவில் மேலே கோயிலுக்குப் போகும் நகரும் படிக்கட்டுக்குக் காசு கேட்டார்கள் என்று நடந்தே ஏறினோம். கால் வலிக்கிறது என்று பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஆர்வத்தை எப்படி உண்டாக்குவது?

பதில்: இந்தக் கடிதம் எனக்குக் கொடைக்கானலிலிருந்து வந்திருக்கிறது, துபாயிலிருந்தும் வந்திருக்கிறது. ஊர்ப் பெயர் மாறும், ‘அவளுக்கு ரசனை இல்லை’ என்ற வரி மட்டும் மாறாது. ரசனையைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்த மூன்றரை மணியைப் பற்றி முதலில் பேசுவோம்.

மூன்றரைக்கு எழுந்து மூன்று வகைச் சாப்பாடு கட்டியவள் ரயிலில் தூங்காமல் வேறு என்ன செய்வாள்? எனோடென் மொத்தமே 10 கிலோமீட்டர். கோஷிகோயேயில் வீதி நடுவே ஊர்ந்து, அதைத் தாண்டியதும் கடல் தெரியும். கொஞ்ச நேரத்தில் மறுபடி வீடுகளுக்குள் நுழைந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்குக் கிடைத்த தூக்கம். அதையும் குற்றப்பத்திரிகையில் எழுதிவிட்டீர்கள்.

‘சாப்பாட்டுச் செலவு இல்லை’ என்கிறீர்கள். இருக்கிறது தம்பி, உங்கள் பர்ஸிலிருந்து போகவில்லை, அவ்வளவுதான். அந்தச் சாப்பாட்டுப் பை யார் தோளில் இருந்தது என்றும் நீங்கள் எழுதவில்லை. எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது.

கட்டுச்சோற்றுக்கு நான் எதிரி இல்லை. திருச்செந்தூருக்கும் பழநிக்கும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போன குடும்பம்தான் எங்களுடையதும். ஆனால் முந்தின ராத்திரியே ஒருத்தி புளிக்காய்ச்சல் கிண்டுவாள், ஒருத்தி இலை நறுக்குவாள், பாட்டி உட்கார்ந்து அதிகாரம் செய்வாள். உங்கள் வீட்டு அடுப்படியில் அவள் ஒருத்தி. அம்மா, அக்கா, நாத்தனார் யாரும் எட்டாத தூரத்துக்கு ஒரு பெண்ணைக் கூட்டி வந்தவன், அத்தனை பேர் செய்கிற வேலையிலும் பங்குக்கு நிற்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பெரியவர்கள் தாரை வார்த்துக் கொடுத்தது உங்கள் உணவு பட்ஜெட்டுக்காக அல்ல.

அங்கே சைவத்துக்கு வழியில்லை என்பீர்கள். கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். காய்கறி மட்டும் மிதக்கிற நூடுல்ஸ் என்று நம்பி வாங்கினால், சாறே காய்ந்த கட்சுவோ மீனில் இறக்கியதாக இருக்கும். ஆனால் நீங்கள் போனது கமகுராவுக்கு! 1253-இல் நிறுவிய கென்ச்சோஜி ஜென் மடம் கிட்டா-கமகுரா என்ற ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். ‘கென்ச்சின்ஜிரு’ என்ற சூப் அந்த மடத்தில் பிறந்தது என்பார்கள். முள்ளங்கி, கிழங்கு, காரட், தோஃபு எல்லாவற்றையும் எண்ணெயில் வதக்கிக் கொதிக்கவைப்பது. மடத்து முறையில் கொம்பு என்ற கடற்பாசியும் ஷீதாகே காளானும்தான் சாறுக்கு. மீன் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. வெளிக் கடைகளில் மீன் சாறு சேர்ப்பதும் உண்டு என்பதால், கேட்டுவிட்டு உட்காருங்கள். அதைக் கேட்கிற அளவு ஜப்பானிய மொழி உங்களுக்கு அலுவலகத்தில் வந்திருக்குமே.

எனோஷிமா படி விஷயத்தை நினைத்தால்தான் எனக்குக் கோபம் அடங்கவில்லை. 1959-இலிருந்து அங்கே நகரும் படிக்கட்டு ஓடுகிறது, ஏறுவதற்கு மட்டும். மேலே குடியிருக்கும் பென்சைத்தென் வேறு யாருமில்லை, பௌத்தத்தோடு கடல் தாண்டிப் போன நம் சரஸ்வதிதான். கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற ஜப்பானிய நரம்பு வாத்தியம். அவளைப் பார்க்க விடாமல் மனைவியைப் பாதிப் படியில் உட்காரவைத்தது ரசனைக் குறைவா, ஒரு டிக்கெட் காசா?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சனிக்கிழமை ராத்திரி புளி கரைப்பது நீங்கள், பாத்திரம் கழுவுவதும் நீங்கள். இட்லியை விட்டுவிடுங்கள், ஒரு வகை சாதம் போதும். ஒன்பது மணிக்கு முன் கிளம்ப வேண்டாம். ஒரு நாளைக்கு ஓர் ஊர்தான். பை உங்கள் தோளில் இருக்கட்டும். அடுத்த ஞாயிறு எங்கே போகலாம் என்று அவளைக் கேளுங்கள். ‘எங்கேயும் வேண்டாம், வீட்டில் இருக்கலாம்’ என்று சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்ளாமல் வீட்டில் இருங்கள். அன்றைக்கும் சமையல் உங்களுடையது.